மருத்துவர் பணியை மருத்துவரே ஆராய்தல்: சட்டக் காப்பும் நம் கடமையும்

(கல்விச் சங்க வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியும், கட்டணம் கட்ட இயலாதார்க்குக் கைகொடுத்தும், மாலை வகுப்பு நடத்தியும் வந்துள்ளது. ஆயினும் கல்வி என்பது தேர்வில் தேறுவதோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் அலுவலகத்தின் வாயிலிலோ, மருத்துவமனையின் வாயிலிலோ நிற்கும்போது, நமக்குரியது எது என்பதை அறிந்து கேட்கும் ஆற்றலும் கல்வியே ஆகும். ஆகவே, விழா மேடைக்குச் சற்றுப் பொருந்தாதது போல் தோன்றினும், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இது: மருத்துவமனையில் ஓர் உயிர் பிரிந்தால், அங்கு நடந்த மருத்துவத்தை ஆராய்பவர் யார்? அந்த ஆராய்ச்சிக்குச் சட்டம் தரும் காப்பு யாது? அதில் நம் மக்களுக்குரிய இடம் எது?

நம் வட்டாரத்தின் நிலை நீங்கள் அறிந்ததே. அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் பகுதிகளின் சேரிகளிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறி வரும் நம் பெண்மக்கள் பனியன் கம்பெனிகளிலும் பவர் டேபிள் கூடங்களிலும் கைமடியாகவும் செக்கிங் பிரிவிலும் உழைக்கின்றனர். ஆடவர் சாயப்பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் உழைக்கின்றனர். நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, அல்லது கடன்பட்டுத் தனியார் மருத்துவமனை. தலைமையாசிரியர் என்னும் முறையில் நம்மிடம் மனு எழுதித் தரும்படி வருவோர் பலர். அவர்களுள் மிகவும் நொந்து வருவோர் பிரசவத்தில் மகளை இழந்தவர்கள். கையில் இறப்புச் சான்றிதழ் தவிர வேறு தாள் இருப்பதில்லை. "என்ன ஆச்சுன்னு யாருமே சொல்லலீங்க" என்பதே அவர்களுடைய முதற் குறை. இழப்பீடு பற்றிய பேச்சும், தண்டனை பற்றிய பேச்சும் அதற்குப் பின்னரே வரும்.

கத்தியவாரில் நிகழ்ந்தது

இக்குறை புதியதன்று. 1929ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாளிட்ட 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. கத்தியவார்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி செய்துவந்த, தீண்டாமைக்குட்பட்ட இளைஞர் ஒருவர் எழுதியது அது. அவருடைய மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயுற்றார். அழைத்த மருத்துவர் சேரிக்கு வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்குப் பிணை நின்ற பின்னர், சேரிக்கு வெளியே வைத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். பச்சிளங் குழந்தையோடு அத்தாயைச் சேரிக்கு வெளியே கொண்டு வந்தனர். வெப்பமானியை மருத்துவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்து, அதே வழியில் திருப்பித் தந்தார். மருத்துவர் நோயாளியைத் தொடவேயில்லை. விளக்கொளியில் வெப்பமானியைப் பார்த்து நிமோனியா என்று கூறிச் சென்றார். மீண்டும் வந்து பார்க்க மறுத்தார். அத்தாய் மாண்டார்.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். அக்குறிப்புகள் 1990இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் வெளியீடாக வந்தன. அந்த மருத்துவரிடம், 'ஏன் தொட்டுப் பார்க்கவில்லை? ஏன் மறுபடி செல்லவில்லை?' என்று கேட்க அந்நாளில் எந்த மன்றமும் இல்லை. கணவர் கடிதம் எழுதியிராவிடில் அம்மரணம் ஒரு செய்தியாகவும் ஆகியிராது.

மருத்துவமனையில் சேர்ப்பதற்குத் தீண்டாமையின் பேரால் மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று குற்றம். 2015இல் திருத்தப்பெற்று 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தமும், மருத்துவமனைக்குள் நுழையவிடாது தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆயினும், உள்ளே சேர்த்துக்கொண்ட பின் அளிக்கப்பட்ட மருத்துவம் தக்கதா என்னும் கேள்விக்கு இச்சட்டங்கள் விடை தர மாட்டா. அதற்கு வேண்டியதே தொழிலறிந்தோர் தொழிலறிந்தோரை ஆராயும் முறை.

ஆராய்ச்சி மன்றம் என்பது யாது?

பனியன் தொழில் செய்யும் நமக்கு இது எளிதில் விளங்கும். தைத்தவரே தம் துணியைச் செக்கிங் செய்வதில்லை; வேறொருவர் பார்க்கிறார். பழுது எந்த இயந்திரத்தில், எந்த வேலையில் நேர்ந்தது என்று கண்டால்தான் அடுத்த ஆயிரம் உருப்படி தப்பும். ஆனால் பழுதைக் காட்டியவுடன் கூலியைப் பிடித்துவிடும் கம்பெனியில் என்ன நடக்கும்? பழுதான உருப்படி கட்டின் அடியில் மறையும். மருத்துவமனையிலும் மனித இயல்பு அதுவே. உண்மையைச் சொன்னால் வேலை போகும், சிறை வரும் என்று அஞ்சும் செவிலியரும் மருத்துவரும் குறிப்பேட்டை அழகாக எழுதி வைப்பார்களேயன்றி, நடந்ததைச் சொல்லார். ஆராய்ச்சிக்குக் காப்பு வேண்டும் என்பதன் வேர் இங்கேதான் உள்ளது.

இவ்வடிப்படையில் இங்கிலாந்தில் 1952 முதல் பேறுகால மரணங்கள் மறைபொருளாக ஆராயப்பட்டு வருகின்றன. தாயின் பெயர், மருத்துவர் பெயர், மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டு, வெளியிலுள்ள வல்லுநர்கள் குறிப்பேடுகளைப் படித்து, எங்கே தவறிற்று என்று எழுதுகின்றனர். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் இதே முறையை மேற்கொண்டது. தாய்மாரைக் கொல்லும் காரணங்களுள் மிகை உதிரப்போக்கு முன்னிற்பதைக் கண்டு, அதனைத் தடுக்கும் நெறிகளை வகுத்து மருத்துவமனைகளுக்குப் பயிற்சியும் அளித்தது.

தமிழ்நாடு இதில் பின்தங்கவில்லை. இன்னும் சொல்லப்போனால் முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. 1990களிலேயே இங்குப் பேறுகால மரண ஆய்வு தொடங்கிற்று. நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிகள் 2010இல் வந்தன, 2017இல் விரிவாக்கப்பட்டன. அந்நெறிகளின்படி ஆய்வு இரு வகைப்படும். மருத்துவமனையில் நடந்ததை அங்குள்ள மருத்துவர் குழு ஆராய்வது ஒன்று. சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று குடும்பத்தாரிடம் கேட்டறிவது மற்றொன்று. இரண்டும் மாவட்டக் குழுவுக்குச் சென்று, தெரிந்தெடுத்த மரணங்கள் மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலும் ஆராயப்படுகின்றன. ஆட்சியர் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினர் இருவரை அழைத்து, அவர்கள் வாயாலேயே நடந்ததைக் கேட்பதற்கும் அந்நெறிகளில் இடமுண்டு. இதனை நம் இளைஞர்கள் நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வாளர் மூன்று தாமதங்களைத் தேடுகின்றனர். மருத்துவமனைக்குப் போக முடிவு செய்வதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். போய்ச் சேர்ந்தபின் மருத்துவம் கிடைப்பதில் தாமதம். முதல் தாமதத்தை வீட்டிலும், இரண்டாவதைச் சாலையிலும், மூன்றாவதை மருத்துவமனைக்குள்ளும் தேடவேண்டும். மூன்றையும் ஒருசேரக் காணாத ஆய்வு, 'நோயாளி தாமதமாக வந்தார்' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அவ்வரி நம் மக்களைப் பற்றி எழுதப்படும்போது, அதனை மறுத்துரைக்க நேரம் குறித்த சான்று நம் கையில் இருத்தல் வேண்டும்.

ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்னும் கணக்கு, தமிழ்நாட்டில் 2001-03இல் 134 ஆக இருந்தது; 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. இந்தியா முழுமைக்கும் அதே காலத்தில் 301 என்பது 97 ஆயிற்று. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், இரத்த வங்கிகள், 2008இல் தொடங்கிய 108 ஊர்தி ஆகிய பலவும் சேர்ந்து இதனைச் செய்தன. எனினும், எந்த ஊரில் இரத்தம் இல்லை, எந்த இரவில் மயக்க மருத்துவர் இல்லை என்பதை அரசுக்கு எடுத்துக் காட்டும் கண்ணாக மரண ஆய்வு விளங்கியது.

காப்புக்கு எல்லை உண்டு

மருத்துவரை ஆராயும் மருத்துவர்க்குச் சட்டத்தாலேயே காப்பளித்த நாடு அமெரிக்கா. அங்கு 1986இல் இயற்றப்பெற்ற சட்டம், நல்லெண்ணத்தோடு சக மருத்துவரின் பணியை ஆராய்வோர் இழப்பீட்டு வழக்குக்கு ஆளாகாதவாறு காக்கிறது. ஆனால் அக்காப்பு சும்மா கிடைப்பதன்று. மருத்துவத்தின் தரத்தை உயர்த்தும் நோக்கம் இருத்தல் வேண்டும். உண்மைகளைத் திரட்ட முயன்றிருத்தல் வேண்டும். ஆராயப்படும் மருத்துவர்க்கு முன்னறிவிப்பும் தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பும் தந்திருத்தல் வேண்டும். முடிவு அவ்வுண்மைகளுக்குப் பொருந்துதல் வேண்டும்.

இவ்விதிகளின் தேவையைக் காட்டியது ஒரு வழக்கு. ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா என்னும் சிற்றூரில் பேட்ரிக் என்னும் அறுவை மருத்துவர், அங்கிருந்த மருத்துவக் கூட்டு நிறுவனத்தில் பங்காளியாகச் சேர மறுத்துத் தனியே தொழில் செய்தார். அந்நிறுவனத்தைச் சார்ந்தோரே பெரும்பான்மையாக இருந்த மருத்துவமனையின் ஆராய்ச்சி மன்றம் அவரை வெளியேற்ற முனைந்தது. 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பேட்ரிக் பக்கமே தீர்ப்பளித்தது. ஆராயும் அதிகாரம் போட்டியாளர் கையில் ஆயுதமாகவும் ஆகலாம் என்பதற்கு இதுவே சான்று.

போட்டி இருக்கும் இடத்தில் ஆயுதமாவது, சாதி இருக்கும் இடத்தில் ஆகாதா? தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட முறையை ஆராய்ந்த பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு, 2007இல் அளித்த அறிக்கையில், உள்மதிப்பீட்டிலும் வாய்மொழித் தேர்விலும் வேற்றுமை காட்டப்படுவதாக அம்மாணவர்கள் கூறியதைப் பதிவு செய்தது. ஆகவே மூடிய அறைக்குள் நடக்கும் எந்த மதிப்பீட்டுக்கும், முன்னறிவிப்பு, கேட்கும் வாய்ப்பு, எழுத்தில் காரணம் ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்பது நம் கருத்து. நம்மிலிருந்து மருத்துவராகும் பிள்ளைகளுக்கும் இவை காப்பு. நோயாளிக்கும் இவை காப்பு.

இந்தியாவில் அமெரிக்கச் சட்டம் போன்ற தனிச் சட்டம் இல்லை. பேறுகால மரண ஆய்வில் பெயர் சுட்டாமை, பழி சாட்டாமை என்பன வழிகாட்டு நெறிகளே. எனினும் குற்ற வழக்கினின்று மருத்துவர்க்கு ஓர் அரணை உச்ச நீதிமன்றம் அமைத்துள்ளது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மிகப் பெரும் கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவாளியாக்குதல் ஆகாது என்றும், நடவடிக்கைக்கு முன் தகுதியுடைய வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெறவேண்டும் என்றும், வழக்கமாகக் கைது செய்தல் கூடாது என்றும் நெறி வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைத்தோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை என்று கூறி, மருத்துவச் செயல்முறையில் ஈடுபட்ட பதிவுபெற்ற மருத்துவர்க்கு அதனை இரண்டாண்டு வரை என்று குறைத்துள்ளது.

இவ்வரண்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் ஏழைப் பெண்ணுக்கு அறுவை செய்யத் துணியும் மருத்துவர் நமக்கு வேண்டும். ஆனால் அரண் வேறு, மறைப்பு வேறு. ஆராய்ச்சி மன்றத்தில் நடந்த பேச்சு மறைபொருளாக இருக்கலாம். நோயாளியின் குறிப்பேடு நோயாளியின் குடும்பத்துக்கு மறைபொருள் ஆகாது.

குடும்பத்தார் அறியவேண்டியவை

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பாக உரிமையுடையோரோ கேட்டால், மருத்துவக் குறிப்புகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். உள்நோயாளிக் குறிப்புகளை மூன்று ஆண்டு காத்து வைத்தல் வேண்டும். அவ்விதிகளே, தம் தொழிலைச் சேர்ந்தவரின் தகுதிக்கேட்டையும் நேர்மைக்கேட்டையும் அச்சமோ தயவோ இன்றி வெளிப்படுத்துவது மருத்துவரின் கடமை என்றும் கூறுகின்றன. ஆகவே, சக மருத்துவரின் பிழையைச் சொல்லும் மருத்துவர் தொழில்துரோகி அல்லர், விதியைக் காப்பவர்.

ஒழுக்கக்கேடு பற்றிய முறையீடு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குரியது. கட்டணம் பெற்ற மருத்துவத்தில் குறை இருப்பின் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம் என்பது 1995இல் சாந்தா வழக்கில் உறுதியாயிற்று. அனைவர்க்கும் இலவசமாக அளிக்கும் அரசு மருத்துவமனை அதன் எல்லைக்குள் வராது. அங்கு நேர்ந்த குறைக்கு உயர் நீதிமன்றமும், ஓராண்டுக்குள் சென்றால் மனித உரிமை ஆணையமும் உண்டு.

பனியன் தொழிலாளர்க்கு ஒரு செய்தி தனியே சொல்லத்தக்கது. ஈ.எஸ்.ஐ மருத்துவமனை தருவது தருமம் என்று நம்மவர் எண்ணுகின்றனர். 1944இல் பேராசிரியர் அடர்க்கர் அத்திட்டத்துக்கு வித்திட்ட அறிக்கையை அளித்தபோது தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கரே. சட்டம் 1948இல் வந்தது. அது கூலியிலிருந்து பிடித்த பணத்தால் நடப்பது. ஆகையால் ஈ.எஸ்.ஐ காப்பீட்டாளரும் நுகர்வோரே, அவர் நுகர்வோர் மன்றத்தில் முறையிடலாம் என்று 2007இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் முறையிடவேண்டும். குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர்க்குப் பணமில்லை என்னும் கவலையும் வேண்டா. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் வருமானம் பாராது இலவசச் சட்ட உதவி உண்டு.

இனி, நடைமுறையில் நாம் செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, கருவுற்ற பெண்ணின் தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், பரிசோதனைத் தாள்கள் அனைத்தும் ஒரே பையில் இருக்கட்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண் அப்பையோடு செல்லட்டும். பரிசோதனை திருப்பூரிலும் பிரசவம் வேறு மாவட்டத்திலும் நடந்தால், பாதிக் கதையே ஒவ்வோரிடத்தும் இருக்கும்.

இரண்டாவது, இடுக்கண் நேர்ந்தால் உடன் செல்லும் ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். 108ஐ அழைத்தது எப்போது, வாயிலை அடைந்தது எப்போது, மருத்துவர் வந்தது எப்போது, வேறிடம் அனுப்பியது எப்போது? பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது.

மூன்றாவது, மரணம் நேர்ந்து ஐயம் எழுமாயின், உடலைப் பெறுமுன் உடற்கூறாய்வு கோருக. துயரத்தில் இது கொடிய சொல்லே; ஆயினும் அது இன்றி மரணத்தின் காரணம் பலவேளை நிலைநாட்ட இயலாது போகும். குறிப்பேட்டு நகலுக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றதற்கு அத்தாட்சி வாங்குக.

நான்காவது, கல் எறியற்க. மருத்துவமனைகளையும் பணியாளரையும் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் உண்டு. மகளை இழந்த வீட்டு மைந்தன் சிறைக்குச் சென்றால், மரணம் பற்றிய கேள்வி மறைந்து, கண்ணாடி உடைந்த கேள்வியே எஞ்சும். மேலும், அன்றிரவு அடிபடுபவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற எளிய குடும்பத்திலிருந்து வந்த செவிலியரும் பயிற்சி மருத்துவருமே ஆவர்.

ஐந்தாவது, விசாரிக்க வரும் சுகாதாரப் பணியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுக. வீட்டில் நேர்ந்த தாமதத்தை மறைத்தால், மருத்துவமனையில் நேர்ந்த தாமதத்தைச் சொல்லும்போது நம் சொல் எடுபடாது. ஆட்சியர் கூட்டத்துக்கு உறவினரை அழைக்கின்றனரா என்று கேட்டறிக. அழைப்பு வந்தால் கூலி போகுமே என்று தவறவிடற்க.

இங்கே நம் சங்கத்துக்கு ஒரு பணி இருக்கிறது. ஆட்சியர் அறையில், வெள்ளுடை அணிந்த வல்லுநர் சூழ்ந்திருக்க, சாயப்பட்டறைத் தொழிலாளியாகிய தந்தை நா எழாமல் நிற்பது இயல்பே. முந்தின நாள் அவருடன் அமர்ந்து, நடந்ததை மணிவாரியாக ஒரு தாளில் எழுதி, இருமுறை படித்துக் காட்டி அனுப்ப, சட்டம் படித்தவரே வேண்டும் என்பதில்லை. பொறுமையும் தெளிவான கையெழுத்தும் உடைய இளைஞர் இருவர் போதும். வெள்ளிவிழா ஆண்டின் நினைவாக, நம் சங்கம் இத்தகைய இளைஞர் குழு ஒன்றை அமைக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

நிறைவாக ஒன்று. திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது. மருத்துவராகவும் செவிலியராகவும் நம் பிள்ளைகள் அங்கே அமர்ந்து கற்கவேண்டும். ஆராய்ச்சி மன்றம் கூடும் அறையில், 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று ஒருவர் எழுதப் புகும்போது, 'அச்சேரிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?' என்று கேட்பதற்கு, அச்சேரியை அறிந்த ஒருவர் அம்மேசையில் இருத்தல் வேண்டும். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டு அவரை உருவாக்குவதாக அமையட்டும்.